இன்ஸ்பெக்‌ஷன்ல ஃபெயில் ஆன பழைய காரை சரி பண்றது எப்படி: முழுமையான வழிகாட்டி

இந்தியாவுல எஃப்சின்னு சொல்லுங்க, பிரிட்டன்ல எம்ஓடின்னு சொல்லுங்க, பேரு எதுவா இருந்தாலும் வண்டியை ரேம்ப்ல ஏத்தி, அடியில டார்ச் அடிச்சு, அங்கங்க தட்டிப் பாத்து, கடைசியில ஒரு தாளைக் கையில குடுத்து "ஃபெயில்"னு சொல்லும்போது வயித்தைக் கலக்கும். அதுவும் நாம பாத்துப் பாத்து பாலிஷ் போட்டு வச்சிருக்கற 50 வருஷத்து வண்டின்னா கேக்கவே வேணாம். எனக்கு முதல் தடவை 11 ஐட்டம் எழுதிக் குடுத்தாங்க. கோவத்துல அன்னைக்கு ராத்திரியே உக்காந்து 11-க்கும் பார்ட்ஸ் ஆர்டர் போட்டேன், அதுல பாதி இன்னும் கவர் பிரிக்காம அலமாரியில கிடக்கு, ஏன்னா 11 ஐட்டம்னு எழுதியிருந்தது உண்மையில நாலே நாலு கோளாறுதான்.

டெஸ்ட் பண்றவர் என்ன தப்பா இருக்குன்னு மட்டும்தான் எழுதுவார். அது ஏன் வந்துச்சுன்னு தேடறது அவர் வேலை இல்ல, நம்ம வேலை. பின் பிரேக் வீக்னு எழுதியிருந்தா காரணமும் அந்த வீல்லயே உக்காந்திருக்கணும்னு ஒண்ணும் இல்ல. இதை மனசுல வச்சுக்கிட்டு கீழ இருக்கற வரிசையில போங்க.

1. முதல்ல தாளைப் படிங்க, பானாவை அப்புறம் எடுக்கலாம்

ஒரு நோட்டுல எல்லா ஐட்டத்தையும் எழுதி, ஒரே மூலையில வர்றதை எல்லாம் ஒண்ணா வட்டம் போடுங்க. "வலது டெயில் லைட் மங்கல், வலது இண்டிகேட்டர் சரியா அடிக்கல, ஸ்டாப் லைட் வீக்"னு மூணு வரி இருந்தா அது மூணு பல்பு இல்ல, அந்த லைட்டுக்குப் போற ஒரு எர்த் ஒயர். "இடது பின் பிரேக் வீக், ஹேண்ட்பிரேக் பத்தல, ஆக்ஸில்ல ஆயில் கசிவு"ன்னு இருந்தா அதுவும் ஒண்ணேதான், ஆக்ஸில் ஆயில் சீல் போய் பிரேக் ஷூவெல்லாம் ஆயில் குளிச்சிருக்கும். சீல் மாத்தறதுக்கு முன்னாடி ஆக்ஸில் மேல இருக்கற பிரீதர் ஓட்டையைப் பாருங்க, குட்டியா இருக்கும், மண்ணு அடைச்சுக்கிட்டா ஆக்ஸில் சூடாகும்போது உள்ள பிரஷர் ஏறி ஆயிலை சீல் வழியா வெளிய தள்ளும். அதைக் குத்தி விடாம புது சீல் போட்டா அடுத்த டெஸ்ட்டுக்கும் அதே வரி வரும்.

ஓட்டவே ஆபத்துன்னு எழுதியிருக்கற ஐட்டம் இருந்தா வண்டியை ஓட்டிட்டு வராதீங்க, ட்ரக்ல ஏத்துங்க. ரீ-டெஸ்ட்டுக்கு எத்தனை நாள் டைம், ஃபெயில் ஆனதை மட்டும் பாப்பாங்களா இல்ல முழுசா திரும்ப பாப்பாங்களாங்கறதை அங்கயே கேட்டுக்கோங்க.

இன்னொண்ணு, எழுதினது எல்லாமே சரின்னு எடுத்துக்க வேண்டியதில்ல. சீட் பெல்ட், ரிவர்ஸ் லைட் இதெல்லாம் வண்டி எந்த வருஷத்துதுங்கறதைப் பொறுத்து கட்டாயமா இல்லையான்னு பல நாடுகள்ல மாறும். தினமும் புது வண்டியையே பாக்கற ஆளு பழக்கத்துல எழுதிடுவார். வருஷத்துக்கான விதியையும் ஒரிஜினல் மேனுவல்ல அந்தப் பக்கத்தையும் காட்டி மரியாதையா கேளுங்க, சண்டை போட்டா காரியம் கெடும்.

2. எதை முன்ன செய்யறது, எதைப் பின்ன செய்யறது

என் வரிசை இது: துரு, பிரேக், ஸ்டியரிங், லைட், கடைசியா புகை. துரு ஏன் முதல்லன்னா வெல்டிங் தீப்பொறி பக்கத்துல இருக்கற ஒயரையும் பிரேக் ஹோஸையும் சுட்டுடும், புது ஒயர் இழுத்துட்டு அப்புறம் வெல்டிங் பண்ணா அதையும் சேத்து மாத்த வேண்டி வரும். புகை ஏன் கடைசின்னா சைலன்சர்ல ஓட்டை இருந்தா வெளிக்காத்து உள்ள கலந்து மெஷின் காட்டற நம்பரே பொய்யாயிடும், அதை அடைச்சுட்டுதான் புகையை அளக்கணும்.

அடியில போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில தலையைக் குடுக்காதீங்க. ஸ்டாண்டு வைங்க, அதுவும் துரு இல்லாத இடமா பாத்து வைங்க, ஏன்னா நாம தேடற துரு அந்த ஜாக்கி பாயிண்ட்லயே இருக்கலாம்.

3. துரு

டெஸ்ட் பண்றவர் விரலால அழுத்திப் பாத்து எழுதியிருப்பார், நீங்க ஒரு பழைய ஸ்குரூடிரைவரால குத்திப் பாருங்க. மனசைக் கல்லாக்கிக்கிட்டுதான் குத்தணும். வெளிய ஒரு ரூபா சைஸ்ல தெரியற ஓட்டை உள்ளங்கை அளவுக்கு விரியும், துரு உள்ள இருந்துதான் வெளிய வருது. எல்லாத் துருவும் ஃபெயில் இல்ல, கதவோட கீழ் ஓரம் பொரிஞ்சிருந்தா அது அழகுப் பிரச்னை. சஸ்பென்ஷன் பிடிக்கற இடம், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் ஏறற இடம், சீட் பெல்ட் மாட்டற இடம், இதுக்குப் பக்கத்துல இருந்தா ஃபெயில். பிரிட்டன்ல இதுக்கு அளவே வச்சிருக்காங்க, அந்த மாதிரி இடத்துல இருந்து 30 செ.மீ.க்குள்ள பலம் போயிருக்கக் கூடாது.

இங்க பட்டி, ஃபைபர் கிளாஸ், ரிவெட் அடிச்ச தகரம் எதுவும் செல்லாது. நல்ல பளபள இரும்பு வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு, பழைய தகடு என்ன தடிமனோ அதே தடிமன்ல துண்டு வெட்டி, சுத்தி விடாம வெல்டிங் வைக்கணும். ஒரே மூச்சுல ஓட்டாதீங்க, தகடு சூட்டுல வளையும், அங்கங்க புள்ளி வச்சு ஆற விட்டு இடைவெளியை நிரப்புங்க. கதவுக்குக் கீழ இருக்கற சில் பகுதியை வெட்டறதா இருந்தா முதல்ல பாடிக்குக் குறுக்க ஒரு கம்பி வச்சு புள்ளி வெல்டிங்ல பிடிக்க வச்சுக்கோங்க, இல்லைன்னா பாடி லேசா தொய்ஞ்சு, வெல்டிங் முடிஞ்சதும் கதவு மூடாது. ஓப்பன் காரா இருந்தா இது ரெட்டிப்பு உண்மை, மேல கூரை இல்லாததால சில்தான் முதுகெலும்பு.

வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி ஒயரைக் கழட்டுங்க, ஆல்டர்னேட்டர் இருந்தா அதோட கனெக்‌ஷனையும். கார்ப்பெட்டைத் தூக்கிடுங்க. பெட்ரோல் டாங்க் பக்கத்துல வேலைன்னா டாங்கையே இறக்கி தூரமா வைங்க, காலி டாங்க்தானேன்னு நினைக்காதீங்க, ரொம்பின டாங்கை விட ஆவி நிக்கற காலி டாங்க்தான் வெடிக்கும். பக்கத்துல தண்ணி வாளியும் தீயணைப்பானும் இருக்கணும், முடிஞ்சதும் ஒரு மணி நேரமாவது வண்டியை விட்டு நகராதீங்க. சீட்டுக்கு அடியில புகையற பஞ்சு மெதுவாதான் பத்தும்.

வேலை முடிஞ்ச இடத்துல ப்ரைமர் மட்டும் அடிச்சுட்டு டெஸ்ட்டுக்குக் கொண்டு போங்க. கருப்பு அண்டர்கோட்டிங்கை தடியா பூசி எடுத்துட்டுப் போனா எதையோ மறைக்கறீங்கன்னுதான் தோணும். பாஸ் ஆனப்புறம் உள்பக்கம் வேக்ஸ் அடிச்சு, தண்ணி வடியற ஓட்டை எல்லாம் திறந்திருக்கான்னு பாத்துக்கோங்க, அந்த ஓட்டை அடைச்சதாலதான் பாதித் துருவே வந்திருக்கும்.

4. பிரேக், இங்கதான் நிதானம் வேணும்

வீலை உருளை மேல சுத்த விட்டு பிரேக் பலத்தை அளக்கற ரோலர் மெஷின்ல வந்த நம்பரைக் கேட்டு வாங்குங்க. முன் இடது 120, முன் வலது 180னு வந்திருந்தா 180-ல 120-ங்கறது 67 சதவீதம். ஐரோப்பிய யூனியனோட 2014/45 விதிப்படி ஒரே ஆக்ஸில்ல ஒரு வீல் மறு வீலோட பிரேக்குல 70 சதவீதத்துக்குக் கீழ போனா ஃபெயில், மத்த இடங்கள்லயும் அளவு கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் கணக்கு இதேதான்.

என் வண்டில இதேதான் வந்துச்சு, "முன் இடது வீக்"னு எழுதியிருந்தாங்க. நானும் இடது பக்கம் வீல் சிலிண்டர் மாத்தினேன், ஷூ மாத்தினேன், ஏர் எடுத்தேன், ஒரு மாத்தமும் இல்ல. ஒரு நாள் கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து நிறுத்தி ரெண்டு வீல்லயும் தண்ணி தெளிச்சுப் பாத்தேன். இடது பக்கம் சும்மா வழிஞ்சுது, வலது பக்கம் சொர்ருனு ஆவியாச்சு. ஜாக்கி போட்டுத் தூக்கி வலது வீலை சுத்தினா நகரவே இல்ல. அங்க இருக்கற பிளீட் நிப்பிளை, அதாவது ஏர் எடுக்கற திருகை, கால் சுத்து திறந்தேன், ஆயில் புஸ்ஸுனு பீய்ச்சி அடிச்சுது, அடுத்த நொடி வீல் சுதந்திரமா சுத்துது. வலது ரப்பர் ஹோஸ் உள்பக்கம் ஊதி அடைச்சுக்கிட்டு இருந்திருக்கு, பெடல் மிதிக்கும்போது ஆயில் உள்ள போகும், விட்டதும் திரும்பி வராது. அந்தப் பக்கம் ஷூ எப்பவும் உரசிக்கிட்டே இருந்ததால மெஷின்ல கூட காட்டியிருக்கு, பாவம் இடது பக்கம் ஒழுங்காதான் இருந்துச்சு. வெளிய இருந்து பாத்தா அந்த ஹோஸ்ல ஒரு வெடிப்பு கூட கிடையாது.

அதனால வீல் பிடிக்குதுன்னா இப்படித் தேடுங்க. நிப்பிள் திறந்ததும் வீல் விட்டுச்சுன்னா ஆயில் பக்கம் கோளாறு, விடலைன்னா ஷூ, ஸ்பிரிங், இல்ல ஹேண்ட்பிரேக் கேபிள் சிக்கியிருக்கு. ஆயில் பக்கம்னா அடுத்து, திரும்ப பெடல் மிதிச்சு வீலைப் பிடிக்க வச்சுட்டு, ஹோஸுக்கு மேல இருக்கற இரும்பு பைப் யூனியனை லேசா தளர்த்துங்க. அப்பவும் வீல் பிடிச்சே இருந்தா ஹோஸ் அடைப்பு. விட்டுச்சுன்னா சந்தேகம், பெடல் மிதிச்சா ஆயிலைத் தள்ளற மாஸ்டர் சிலிண்டர் மேல போகும், பெடல் ராடுக்குக் கொஞ்சம் கூட ஆட்டம் இல்லாம டைட்டா அட்ஜஸ்ட் பண்ணியிருந்தா உள்ள ஆயில் திரும்பற சின்ன ஓட்டை மூடியே இருக்கும். முதல்ல அந்த ஆட்டத்தைக் குடுத்துப் பாருங்க, காசே ஆகாது.

டிரம்மைக் கழட்டும்போது உள்ள இருக்கற தூசியை ஏர் கம்ப்ரஸரால ஊதாதீங்க, வாயாலயும் ஊதாதீங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும், நுரையீரலுக்கு எமன். பிரேக் கிளீனரால நனைச்சு, துணியால துடைச்சு, அந்தத் துணியை மூட்டை கட்டிப் போடுங்க. ஆயில் குடிச்ச ஷூவை பெட்ரோல்ல கழுவி, உப்புத்தாள் தேச்சு திரும்ப மாட்டறவங்க இருக்காங்க, வேணாம், சூடானதும் உள்ள ஊறின ஆயில் மறுபடி மேல வரும். மாத்தும்போது ஒரே ஆக்ஸில்ல ரெண்டு பக்கமும் சேத்து மாத்துங்க.

பிரேக் ஆயில் விஷயத்துல டாட் 3, டாட் 4, டாட் 5.1 எல்லாம் கிளைக்கால்ங்கற ரசாயனத்துல செஞ்ச ஒரே சாதி. டாட் 5 மட்டும் சிலிக்கான், அதை இதுங்களோட கலக்கவே கூடாது. 5-க்கும் 5.1-க்கும் ஏன் இப்படி பேர் வச்சாங்கன்னு தெரியல, மாத்தி ஊத்தாதவங்களைப் பாக்கறதே அபூர்வம். டாட் 4 புதுசா இருக்கும்போது கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி, காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சுட்டா 155 வரைக்கும் இறங்கலாம், அதனால திறந்து வச்ச பழைய டப்பாவை உபயோகிக்காதீங்க. பெயின்ட்ல ஒரு சொட்டு பட்டாலும் உடனே தண்ணி ஊத்துங்க. ஏர் எடுக்கும்போது பொதுவா மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமா இருக்கற வீல்ல ஆரம்பிச்சு கிட்ட வாங்க. மாரிஸ் மைனர் மாதிரி வண்டில மாஸ்டர் சிலிண்டரே டிரைவர் காலுக்குக் கீழ தரைக்கு அடியில இருக்கும், பானெட்டைத் திறந்து அரை நாள் தேடினவங்க உண்டு.

ஹேண்ட்பிரேக் பத்தலைன்னா எல்லாரும் முதல்ல கேபிளை இழுத்து டைட் பண்ணுவாங்க, அதான் தப்பு. கேபிளை முழுசா தளர்த்திட்டு டிரம்ல ஷூ அட்ஜஸ்டரை வீல் பிடிக்கற வரைக்கும் திருகி, சுத்தற அளவுக்கு ஒண்ணு ரெண்டு கிளிக் பின்னால விட்டு, பெடலை ரெண்டு மூணு தடவை மிதிச்சு ஷூவை நடுவுல உக்கார வச்சு, அதுக்கப்புறம்தான் கேபிள். பல வண்டில முன் டிரம்ல ஒரு வீலுக்கு ரெண்டு அட்ஜஸ்டர் இருக்கும், ஒண்ணை மட்டும் திருகிட்டு வந்துடாதீங்க. புது ஷூ போட்டுட்டு நேரா டெஸ்ட்டுக்கு ஓடாதீங்க, ஷூ முழுசா டிரம்ல ஒட்டற வரைக்கும் மிதமா பிரேக் பிடிச்சுப் பிடிச்சு கொஞ்ச நாள் ஓட்டினாதான் மெஷின்ல நல்ல நம்பர் வரும்.

5. ஸ்டியரிங், வீல் ஆட்டம்

முன் வீலைத் தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆடினா ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லி திரும்ப ஆட்டுங்க. இப்ப ஆட்டம் போயிடுச்சுன்னா வீல் பேரிங், அப்படியே இருந்தா வீல் திரும்பற அச்சான கிங்பின், இல்லைன்னா பால் ஜாயிண்ட். இடது வலது ஓரம் பிடிச்சு ஆட்டும்போது மட்டும் ஆடினா ஸ்டியரிங்கை வீலோட இணைக்கற டை ராட் எண்ட் பக்கம் பாருங்க. ஒருத்தர் ஸ்டியரிங்கை லேசா அசைக்க, நீங்க ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் விரலால பிடிச்சுக்கிட்டே வாங்க, கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும்.

கிங்பின் லேசா ஆடினா கிரீஸ் அடிச்சுப் பாக்கலாம், ஆனா வண்டி தரையில நிக்கும்போது இல்ல, வீலைத் தூக்கி வச்சுட்டு அடிக்கணும், அப்பதான் பாரம் தாங்கற பக்கத்துக்குக் கிரீஸ் போகும். டிரையம்ஃப் ஹெரால்டு மாதிரி சில வண்டிகள்ல வீல் திரும்பற மூட்டுல கீழ இருக்கற ட்ரன்னியனுக்குக் கிரீஸே கூடாது, இபி 90 கியர் ஆயில்தான், மேனுவல் பாக்காம கிரீஸ் கன்னைத் தூக்காதீங்க.

ஸ்டியரிங் பாக்ஸ் மேல ஒரு திருகு இருக்கும், அதைத் திருகினா ஆட்டம் போகும்னு யாராவது சொல்லுவாங்க. அது கடைசி வழி. பாக்ஸ் நடுவுலதான் அதிகமா தேஞ்சிருக்கும், அந்த நடு ஆட்டத்தை முழுசா எடுத்தா ஸ்டியரிங்கை ஓரத்துக்கு ஒடிக்கும்போது இறுகிப் பிடிக்கும், வளைவுல திரும்பின ஸ்டியரிங் தானா நேரா வராது. முதல்ல பாக்ஸை சேஸிஸ்ல பிடிக்கற போல்ட் தளர்ந்திருக்கான்னு பாருங்க, பாதி கேஸ் அங்கயே முடிஞ்சுடும். நட்டு கழலாம பிடிக்கற ஸ்ப்ளிட் பின் எப்பவும் புதுசு போடுங்க.

6. லைட்டும் ஒயரிங்கும்

இண்டிகேட்டர் போட்டா டெயில் லைட்டும் சேந்து மினுக்குதா, பிரேக் மிதிச்சா இண்டிகேட்டர் மங்குதா, எர்த் போச்சுன்னு அர்த்தம். திரும்பிப் போற வழி இல்லாத கரண்ட் பக்கத்து பல்பு வழியா புகுந்து போகுது. மல்டிமீட்டரோட ஒரு முனையை பல்பு ஹோல்டர் உடம்புல, மறு முனையை பேட்டரியோட எர்த் முனையில வச்சு, லைட்டைப் போட்டுப் பாருங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா பிரச்னை இல்ல, 1 வோல்ட்டுக்கு மேல காட்டினா கோளாறு கிடைச்சாச்சு. ஒயர் பாடியில மாட்டற இடத்துல பெயின்ட்டை சுரண்டி இரும்பு தெரிய வச்சு, இறுக்கி, மேல கொஞ்சம் வாசலின் தடவுங்க. புதுசா பெயின்ட் அடிச்ச வண்டில இந்தக் கோளாறு நிச்சயம் வரும், பெயின்ட்டர் எர்த் பாயிண்ட்டையும் விட்டு வைக்க மாட்டார்.

ஹெட்லைட் மங்கல்னா பெரிய வாட்ஸ் பல்பு போடறது வழி இல்ல. பழைய வண்டில முழு கரண்ட்டும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாதான் போகும், அங்கயே வோல்ட் விழுந்துடும். 10 சதவீதம் வோல்ட் குறைஞ்சா வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போயிடும். சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்டை ஆன் பண்ற ரிலே ரெண்டு போட்டு பேட்டரியில இருந்து நேரா தடிமனான ஒயர், நடுவுல ஃபியூஸ், அவ்ளோதான், பழைய பல்பே பளிச்சுனு எரியும். ஆல்டர்னேட்டருக்குப் பதிலா டைனமோ இருக்கற வண்டின்னா கணக்கு போட்டுக்கோங்க, லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்துல குடுக்கறதே 22 ஆம்பியர்தான், 60/55 வாட்ஸ் பல்பு ரெண்டு ஹைபீம்ல மட்டும் 10 ஆம்பியர் குடிக்கும்.

எல்இடி பல்பு போட ஆசைப்பட்டா முதல்ல உங்க வண்டி பாசிட்டிவ் எர்த்தான்னு, அதாவது பேட்டரியோட பாசிட்டிவ் முனை பாடியில மாட்டியிருக்கான்னு பாருங்க, பழைய பிரிட்டிஷ் வண்டி நிறைய அப்படித்தான், சாதா எல்இடி அதுல எரியாது. பழைய ஃபிளாஷர் டப்பா பல்போட கரண்ட் சூட்டுல வேலை செய்யறது, எல்இடி போட்டா அது அடிக்கவே அடிக்காது. ஹெட்லைட்டுக்கு எல்இடி போட்டாலே பல நாடுகள்ல ஃபெயில்.

7. சட்டுனு முடியறது

டயர் பள்ளம் 1.6 மி.மீ. குறைஞ்சபட்சம்னு நிறைய இடத்துல விதி. நம்ம வண்டி கம்மியா ஓடறதால பள்ளம் புதுசாவே இருக்கும், ரப்பர்தான் செத்துப் போயிருக்கும். பக்கவாட்டுல கடைசி நாலு எண் வாரமும் வருஷமும், 2314ன்னா 2014-ல 23-வது வாரம். வெடிப்பு இருந்தா யோசிக்காம மாத்துங்க. வைப்பர் ரப்பர், வாஷர் தண்ணி, ஹாரன், கண்ணாடி, நம்பர் பிளேட் லைட், இதுல ஃபெயில் ஆனா வெக்கக்கேடு, அரை மணி நேர வேலை.

8. புகை

டாப்பெட் இடைவெளி, ப்ளக், பாயிண்ட் இடைவெளி, இக்னிஷன் டைமிங், கார்பரேட்டர், இதே வரிசையிலதான் சரி பாக்கணும். எல்லாரும் கார்பரேட்டர்ல ஆரம்பிச்சு அங்கயே மாட்டிக்குவாங்க. சிஓ, அதாவது கார்பன் மோனாக்சைடு, அதிகம்னா பெட்ரோல் கூடப் போகுது, சோக் முழுசா ஆஃப் ஆகியிருக்கா, ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கா, ஃப்ளோட் மட்டம் சரியா பாருங்க. ஹைட்ரோகார்பன் அதிகம்னா எங்கயோ எரியாம போகுது, ப்ளக் மிஸ் ஆகறதோ வால்வு லீக்கோ இருக்கும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள்ல வர்ற எஸ்யூ கார்பரேட்டர்னா இன்ஜின் சூடா ஓடும்போது பக்கத்துல இருக்கற சின்ன பின்னை மேல அழுத்தி பிஸ்டனை ஒரு மி.மீ.க்கும் கம்மியா தூக்குங்க. வேகம் ஏறி ஏறினபடியே நின்னா பெட்ரோல் அதிகம், திணறி நின்னா கம்மி, லேசா ஏறி திரும்ப பழைய நிலைக்கு வந்தா சரி. நீலப் புகைன்னா இது எதுவும் உதவாது, ஆயில் எரியுது, ரிங்கோ வால்வு கைடோ பாக்கணும்.

9. ரீ-டெஸ்ட் அன்னைக்கு

வீட்டுல ஸ்டார்ட் பண்ணி நேரா உள்ள விடாதீங்க, அரை மணி நேரம் ஓட்டி நல்லா சூடாக்கிட்டுப் போங்க, வரிசையில காத்திருக்கும்போது ஆஃப் பண்ணிப் போட்டு ஆற விடாதீங்க. டிக்கியைக் காலி பண்ணுங்க, டயர் காத்து சரி பாருங்க, பழைய தாளையும் வெல்டிங் போட்டோவையும் கையில வச்சுக்கோங்க. உங்க வண்டிக்குன்னு ஏதாவது கோணங்கித்தனம் இருந்தா, டிப் சுவிட்ச் கால்ல இருக்கு, ஹேண்ட்பிரேக் தலைகீழா வேலை செய்யும்ங்கற மாதிரி, முன்னாடியே சொல்லிடுங்க.

பாஸ் ஆகி வந்தப்புறம் 80 கிலோமீட்டர் வாக்குல எல்லா வீல் நட்டையும் ஒரு தடவை திரும்ப இறுக்குங்க, 500 தாண்டினதும் பிரேக் ஷூவைத் திரும்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க, புது ஷூ உக்காந்த இடைவெளியால பெடல் கொஞ்சம் கீழ போயிருக்கும்.